பைக் ஓட்டலாம்... கொஞ்சம் பொறுங்க!

திருச்சி தில்லை நகர் மெயின் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? டாக்டர் வீடு, டியூஷன் சென்டர், துணிக்கடை, ஓட்டல் என்று எல்லா வாசலிலும் வரிசையாக பைக், ஸ்கூட்டர், மொபெட்! குறுக்குத் தெருக்களில் இருந்து ஒன்றன் பின் ஒன்றாக 'புர்ர்ர்' என்று கிளம்பி வரும். அதைப் பார்க்கும்போது, 'நாம எப்போ இதை ஓட்டப் போறோம்?' என்று மனசு துடிக்கும்தானே?

துடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் அந்த வண்டியைப் பற்றி தெரிந்துகொள்ள வேண்டாமா? பைக் எங்கே பிறந்தது, எப்படி ஓடுகிறது, ஏன் சாய்ந்தாலும் விழாமல் போகிறது, பின்சீட்டில் உட்காரும் உங்களுக்கு என்ன வேலை... எல்லாவற்றையும் பார்த்துவிடுவோமா?

மர பைக்!

உலகின் முதல் பெட்ரோல் பைக் எதனால் செய்யப்பட்டது தெரியுமா? மரத்தால்!

ஜெர்மனியைச் சேர்ந்த காட்லிப் டெய்ம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1885-ம் ஆண்டில் ஒரு சின்ன எஞ்சினை உருவாக்கினார்கள். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி வேண்டுமே! மரச்சட்டம், மரச்சக்கரம், தோல் இருக்கை என்று ஒரு வண்டியைச் செய்து, நடுவில் எஞ்சினை மாட்டினார்கள். கீழே விழாமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரங்கள் வேறு. நாம் சைக்கிள் பழகும்போது பின்னால் மாட்டுவோமே, அதே மாதிரி!

அந்த வருடம் நவம்பரில் டெய்ம்லரின் மகன் பால் அதை ரோட்டில் ஓட்டிச் சென்றான். வேகம் எவ்வளவு? மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர்தான். நீங்கள் சைக்கிளை நன்றாக மிதித்தால் அதை முந்திவிடலாம். இன்னொரு கஷ்டம், எஞ்சின் இருந்தது இருக்கைக்கு நேர் கீழே. சூடு தாங்காமல் இருக்கை தீப்பிடித்துக்கொண்டதாம். பாவம் பால்!

அந்த முதல் வண்டி 1903-ல் ஒரு தீ விபத்தில் எரிந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை எல்லாம் அதே மாதிரி செய்த நகல்கள்தான்.

நம்ம ஊர் புல்லட்

'டப்... டப்... டப்...' என்ற சத்தத்தைக் கேட்டதுமே, 'புல்லட் வருது' என்று பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள்தானே? அந்தப் புல்லட்டுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

ராயல் என்ஃபீல்டு என்ற கம்பெனி இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்தது. 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. நம் நாடு விடுதலை அடைந்த பிறகு, எல்லையில் கரடுமுரடான பாதையில் ரோந்து போக ராணுவத்துக்கு உறுதியான பைக் தேவைப்பட்டது. அதற்குத் தேர்வானது புல்லட். அதைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டே இருக்க முடியுமா? 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற சென்னை நிறுவனமும் இங்கிலாந்து நிறுவனமும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா' என்ற கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே செய்ய ஆரம்பித்தார்கள்.

இப்போதுதான் வேடிக்கை! இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி நொடித்துப்போய் மூடப்பட்டது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் தயாராகிக்கொண்டே இருந்தது. 1977-ல் நம் ஊரில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயின! பிறந்த வீட்டுக்குப் பேரப்பிள்ளை போன மாதிரி. இன்று சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இந்த பைக்குகள் தயாராகின்றன.

புல்லட் மட்டுமா? 1980-ல் ஓசூரில் இருந்து வந்தது டி.வி.எஸ். 50. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். பால்காரர், காய்கறி விற்பவர், கிராமத்து விவசாயி என்று எல்லோருக்கும் கைகொடுத்தது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஆள்! இந்தக் காட்சியைக் காந்தி மார்க்கெட் பக்கம் பார்க்காத திருச்சிக்காரர் உண்டா?

வயிற்றுக்குள் வெடி!

பைக்கின் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது? தீபாவளிதான்!

எஞ்சினுக்குள் சிலிண்டர் என்று ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் என்ற கட்டை மேலும் கீழும் போய்வரும். இன்றைய பைக்குகளில் இது நான்கு வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, இழுப்பது. பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கும்.

இரண்டாவது, அமுக்குவது. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை நெருக்கி அமுக்கும்.

மூன்றாவது, வெடிப்பது. ஸ்பார்க் பிளக்கில் இருந்து ஒரு பொறி கிளம்பும். கலவை குப்பென்று எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். வண்டிக்கு பலம் கிடைப்பது இந்த ஒரு தள்ளலில்தான்!

நான்காவது, வெளியேற்றுவது. பிஸ்டன் மறுபடி மேலே வந்து புகையை சைலன்சர் வழியாகத் தள்ளிவிடும்.

பிஸ்டன் இரண்டு முறை மேலே, இரண்டு முறை கீழே என்று போய்வந்தால் ஒரு வெடி. அதற்குள் எஞ்சினின் தண்டு இரண்டு சுற்று சுற்றிவிடும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று எஞ்சின் ஓடினால் எத்தனை வெடி? 3,000. அதாவது ஒரு விநாடிக்கு 50 வெடி! அம்மாடியோவ்! அத்தனை வெடியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துதான் 'புர்ர்ர்' என்று கேட்கிறது. புல்லட்டின் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் கேட்கும். அதுதான் அந்த 'டப் டப்'.

'100 சி.சி. வண்டி, 350 சி.சி. வண்டி' என்று அண்ணன்கள் பேசுவார்களே, அது என்ன? பிஸ்டன் கீழே இருந்து மேலே போகும் இடத்தின் கொள்ளளவு. 100 சி.சி. என்றால் 100 மில்லி லிட்டர். சின்ன டம்ளரில் அரை டம்ளர் காபி அளவு. அந்தக் கொஞ்சூண்டு இடத்தில் நடக்கும் வெடிதான் அப்பா, அம்மா, நீங்கள், உங்கள் புத்தகப் பை எல்லாவற்றையும் சுமக்கிறது!

இப்போது ரோட்டில் சத்தமே இல்லாமல் ஸ்கூட்டர் போகிறதே, அதில் வெடி கிடையாது. பேட்டரி மின்சாரத்தில் மோட்டார் சுற்றும். சத்தம் வராததால் ரோட்டைக் கடக்கும்போது காதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துக் கடந்து போங்கள்.

கை ரெண்டு, கால் ரெண்டு... வேலை நாலு!

கியர் பைக் ஓட்டுபவரைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு கையும் இரண்டு காலும் ஆளுக்கொரு வேலை செய்யும்.

வலது கை ஆக்சிலேட்டரைத் திருகும். முன் சக்கர பிரேக்கும் அதே கையில்தான். வலது கால் பின் சக்கர பிரேக்கை மிதிக்கும். இடது கை கிளட்ச்சைப் பிடிக்கும். இடது கால் கியரை மாற்றும். பழைய புல்லட்டில் இது தலைகீழ்! வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பழக்கமில்லாதவர் ஓட்டினால் தடுமாறிவிடுவார்.

கிளட்ச் எதற்கு? ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் சக்கரத்தையும் கொஞ்ச நேரம் பிரித்துவைக்க. கிளட்ச்சைப் பிடித்தால் இரண்டும் பிரியும். மெதுவாக விட்டால் சேரும். சட்டென்று விட்டால்? வண்டி துள்ளி நின்றுவிடும்!

கியர் எதற்கு? உங்கள் கியர் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மேடு ஏற லேசான கியர், வேகமாகப் போக கனமான கியர். பைக்கிலும் அதே கதைதான். கிளம்பும்போது முதல் கியர். வேகம் கூடக்கூட அடுத்தடுத்த கியர்.

சாய்ந்தாலும் விழாதது ஏன்?

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுங்கள். மேஜை மேல் நேராக நிறுத்திப் பாருங்கள். லேசாக ஆட்டினாலே விழுந்துவிடும். இப்போது அதையே தரையில் உருட்டிவிடுங்கள். விழாமல் ஓடும். வேகம் குறையும்போது ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே வளைந்து ஓடும்! பைக்கும் அப்படித்தான். சாயும் பக்கம் சக்கரம் திரும்புவதால் மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. அதனால்தான் திருப்பத்தில் பைக்கைச் சாய்த்து ஓட்டுகிறார்கள்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள், தெரியுமா? இடது பக்கம் திரும்ப நினைக்கும் சைக்கிள்காரர், முதலில் ஒரு துளி வலது பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்புகிறார் என்பதை வில்பர் ரைட் கவனித்தார். அப்போதுதான் வண்டி இடது பக்கம் சாயும். பிறகு திரும்பும். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் கேட்டால் ஒருவருக்கும் இது தெரியவில்லை. தெரியாமலே செய்துகொண்டிருந்தார்கள்! நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள்.

பேலன்ஸ் எல்லாம் சைக்கிளில் கற்றுக்கொள்ளும் வித்தைதான். 1990-களின் தொடக்கத்தில் நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அதுவரை தண்ணீருக்கும் வேலைக்கும் நடந்தே போனவர்கள் அவர்கள். சைக்கிள் வந்ததும் யாரையும் எதிர்பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போனார்கள். இரண்டு சக்கரத்துக்கு அப்படி ஒரு சக்தி! ஆகவே தங்கைகளே, பைக் பையன்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு கணக்குப் போடலாமா?

பைக் டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவ்வளவுதான் பிடிமானம். முதல் மழை பெய்ததும் ரோட்டில் இருக்கும் ஆயிலும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். மணல் கிடந்தாலும் வழுக்கும். அந்த நேரத்தில் பெரியவர்களே மெதுவாகத்தான் போக வேண்டும்.

இப்போது கணக்கு. ஒரு குறுக்குத் தெருவில் இருந்து பந்து உருண்டு வருகிறது. பின்னாலேயே ஒரு குழந்தை ஓடி வருகிறது. பைக்காரர் பார்த்துவிட்டார். மூளை 'பிரேக் பிடி' என்று சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் அந்த ஒரு விநாடியில் வண்டி சுமார் 8 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த நல்ல தார் ரோட்டில் பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் 6 மீட்டர். மொத்தம் 14 மீட்டர்.

மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால்? முதல் விநாடியில் சுமார் 17 மீட்டர். பிறகு நிற்க 23 மீட்டர். மொத்தம் 40 மீட்டர்! இரண்டு கிரிக்கெட் பிட்ச்சை ஒட்டிவைத்த நீளம்.

பார்த்தீர்களா? வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. 30-ல் வந்தவர் குழந்தைக்கு முன்னாலேயே நின்றுவிடுவார். 60-ல் வந்தவரால் முடியாது. தெருவுக்குள் மெதுவாகப் போகச் சொல்வது இதனால்தான்.

ஒரு டாக்டரும் ஒரு ஹெல்மெட்டும்

1935-ம் ஆண்டு. இங்கிலாந்தில் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.இ.லாரன்ஸ் தன் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்துகொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை.

அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். மூளை அறுவை சிகிச்சை நிபுணர். லாரன்ஸைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. ராணுவத்தில் பைக்கில் கடிதம் கொண்டுபோகும் வீரர்களுக்கு ஏற்பட்ட விபத்துகளை எல்லாம் ஆராய்ந்தார். ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காயம் குறைவாக இருந்ததை 1941-ல் எழுதிக் காட்டினார். அதே வருடம் இங்கிலாந்து ராணுவம் பைக் ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

பிறகு நடந்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் சாகும் ஆபத்து 42 சதவீதமும், தலைக்காய ஆபத்து 69 சதவீதமும் குறைவது தெரிந்தது.

ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது? வெளியே கெட்டி ஓடு. உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒரு கனமான அடுக்கு. அடிபடும்போது அந்த அடுக்கு நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே பட்டையை 'க்ளிக்' என்று மாட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் டேங்க்கைத்தான் காப்பாற்றும்!

பின்சீட்டு ராஜா, ராணிக்கு...

இப்போதைக்கு உங்கள் இடம் பின்சீட்டு. அங்கேயும் உங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது.

* நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது சட்டம். பின்னால் உட்கார்ந்தாலும்தான். உங்கள் தலை அளவுக்குச் சரியான ஹெல்மெட் கேளுங்கள்.

* பெட்ரோல் டேங்க் மேல் உட்காராதீர்கள். சட்டென்று பிரேக் பிடித்தால் முதலில் அடிபடுவது முன்னால் இருப்பவர்தான்.

* பின்னால் ஒருவர் மட்டுமே உட்காரலாம். மூன்று பேர், நான்கு பேர் என்பது சட்டப்படி தவறு. வண்டியும் தடுமாறும்.

* பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலது பக்கம் இருக்கும். கொதிக்கும்! இடது பக்கமாக ஏறி, இடது பக்கமாக இறங்குங்கள்.

* துப்பட்டா, முந்தானை, பையின் பட்டை எதுவும் தொங்கக்கூடாது. அண்ணா சிலை தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறினால் காற்று எப்படி அடிக்கும் என்று ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்குத் தெரியுமே! பறக்கும் துணி சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். அதற்காகத்தான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கம்பி மறைப்பு வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

* வண்டி திரும்பும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாயாதீர்கள். ஓட்டுபவரோடு சேர்ந்து சாயுங்கள்.

* தூக்கம் வந்தால் சொல்லுங்கள். அப்பா செல்போனை எடுத்தால், 'நிறுத்திட்டுப் பேசுங்கப்பா' என்று சொல்லுங்கள். கேட்பார்!

பதினெட்டு வரைக்கும்...

'எனக்குக் கால் எட்டுது, ஸ்கூட்டர்தானே, ஆக்சிலேட்டரைத் திருகினால் போகும்' என்று சிலர் சொல்வார்கள். 'பக்கத்துத் தெரு கடைக்குத்தானே, போய்ட்டு வா' என்று சாவியைக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. கால் எட்டினால் போதுமா? 2022-ம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எதிரே வருபவர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். அந்தப் பக்குவம் வயதோடும் பயிற்சியோடும்தான் வரும்.

சட்டமும் அதையே சொல்கிறது. பைக் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் 16 வயதில் லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேல்தான். ஆக, அதற்கும் 18 வயது வேண்டும்!

மீறினால்? 2019 செப்டம்பரில் இருந்து விதி கடுமையாகிவிட்டது. 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் செய்ததாக முடிவானால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டிய பையனுக்கோ பெண்ணுக்கோ 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கல்லூரி முடித்து, வேலைக்குப் போகும் வயதிலும் பின்சீட்டுதான்! ஐந்து நிமிட ஆசைக்கு ஏழு வருட தண்டனை தேவையா?

18 ஆனதும் முதலில் எல்.எல்.ஆர். வாங்க வேண்டும். குறைந்தது 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். காலைத் தரையில் ஊன்றாமல் 'எட்டு' போடுவது அங்கே பிரபலம். நம் ஊரில் டி.என். 45 என்றால் திருச்சி மேற்கு, டி.என். 48 என்றால் ஸ்ரீரங்கம், டி.என். 81 என்றால் திருச்சி கிழக்கு. அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது எந்த வண்டி எந்த ஊர் என்று கண்டுபிடித்து விளையாடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஞாயிறு காலையில் அப்பா, அம்மா அல்லது அண்ணனோடு வண்டியைச் சோதித்துப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், ஆறியிருக்க வேண்டும், சென்டர் ஸ்டாண்டு போட்டிருக்க வேண்டும். சாவி பெரியவர் கையில்!

டயரில் காற்று சரியா? ஆணி ஏதும் குத்தியிருக்கிறதா? டயரின் பள்ளங்கள் தேய்ந்துவிட்டனவா? பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா? இண்டிகேட்டர் நான்கும் மின்னுகிறதா? கண்ணாடி இரண்டும் இருக்கிறதா? செயின் தொங்குகிறதா? எஞ்சின் ஆயில் போதுமா? நீங்கள் பின்னால் நின்று 'எரியுது', 'எரியலை' என்று சொன்னாலே பெரிய உதவி. செயின், சக்கரம் பக்கம் மட்டும் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எந்த மாதம் ஆயில் மாற்றியது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்குப் போடுங்கள். ஆர்வம் பிடித்துக்கொண்டால் நாளைக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கலாம். பொறியாளர் ஆகலாம். பெட்ரோலே வேண்டாத ஒரு புது பைக்கை நீங்களே வடிவமைக்கலாம்!

என்ன குட்டீஸ், ரெடியா? இன்றைக்கு சைக்கிள், நாளைக்கு பைக். நடுவில் இருக்கும் சில வருடங்களில் ரோட்டைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இந்த வாரம் முதல் வேலையாக, வீட்டில் எத்தனை ஹெல்மெட் இருக்கிறது, எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு இடித்தால் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்!